பட்டாசு திட்டிய நாள்

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். லாண்டரிக் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற அம்மாவுக்கு ஏன் பட்டாசு என்று பெயர்? அந்த அம்மா வாயைத் திறந்தே யாரும் பார்த்ததில்லையே? பழைய ஆட்கள், "அதெல்லாம் ஒரு காலம்" என்று சிரிப்பார்கள். லாண்டரிக்காரர் பக்கத்தில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவரும் காதில் விழாத மாதிரி குனிந்து துணியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விழும். நன்றாகவே விழும்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குறுகலான ஓர் அறை. முன்னால் தேய்க்கிற மேசை, அதன் மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, கம்பளி முழுக்க இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தடங்கள். பின்னால் இரண்டு சலவை இயந்திரங்கள். அதில் ஒன்று பிழியும்போது நடக்க ஆரம்பித்துவிடும், அதனால் காலடியில் செங்கல் வைத்திருந்தார்கள். அதற்கும் பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு.

அந்தக் காலத்தில் இந்தக் கடைக்குத் துணி போட வந்தவர்களில் பாதிப்பேர் துணிக்காக வரவில்லை, பட்டாசிடம் திட்டு வாங்கத்தான் வந்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மேல்மாடிக் கணக்குப்பிள்ளை மறுபடியும் மறுபடியும் மைக் கறையோடு சட்டையைக் கொண்டு வருவார். "உங்க வீட்ல பேனாவுக்கு மூடி போடற பழக்கமே கிடையாதா? இல்ல, சட்டைப் பையிலயே மை காய்ச்சறீங்களா?" என்று அவள் ஆரம்பிப்பாள். கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்காது. அடுத்த வாரம் இன்னும் பெரிய கறையோடு வருவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தக் கடையே அவள் வாயால்தான் பிழைத்தது.

வெளியாட்களுக்குக் கிடைத்ததெல்லாம் சில்லறை. மொத்தமும் புருஷனுக்குத்தான். திட்ட ஆரம்பித்தால் "என்னங்க" போய் "யோவ்" வந்துவிடும். சாப்பிட நேரத்துக்கு வராவிட்டால் யோவ். சூடான பெட்டியைக் கம்பளி மேல் படுக்கப் போட்டால் யோவ். மழையில் நனைந்து வந்தால், "யோவ், துணிய நனையாம கொண்டாந்துட்டே, உன்னை யாரு பிழிஞ்சு காயப்போடறது?" என்பாள். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டுவாள். துவட்டி முடித்ததும் மறுபடி "என்னங்க" ஆகிவிடுவார்.

அவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் சாதாரணமாக இல்லை. அவர் சின்ன வயதில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவர். அந்த வீட்டில் அவரை யாரும் அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதும் இல்லை. ஒருமுறை காய்ச்சலில் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குப் போகாமல் ஒரு பழைய குடோனில் படுத்துக் கிடந்தார். மறுநாள் போனபோது ஒருவரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் துணி கொடுக்கப் போய்விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததற்குப் பட்டாசு வெடித்தாள் பாருங்கள், அன்றைக்குத்தான் அவருக்கு வீடு என்றால் என்ன என்று புரிந்தது. திட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டும், ஐயா. அது இல்லாதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதனால்தான் அவர் ஏமாந்தார். நோய் வந்தது சத்தமாகத்தான் வந்தது. திடீரென்று அவள் அதிகமாகத் திட்ட ஆரம்பித்தாள். விடிந்ததிலிருந்து திட்டினாள். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவள் திட்டுவது தன்னை இல்லை என்பது அவருக்கு உறைக்கவே பல வாரம் ஆனது. காலர்களைத் திட்டினாள். சட்டைகளைத் தூக்கிப் பிடித்து, "கேட்டுட்டுப் போய் எவன்கிட்ட சொல்லப் போறே?" என்று அதட்டினாள். ஒரு நாள் அவர் துணி கொடுத்துவிட்டு வருவதற்குள், வாடிக்கையாளர்களின் சட்டைகளில் இருந்த பட்டன்களை எல்லாம் அறுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடியை இறுக்கித் திருகிவிட்டாள்.

"எல்லாத்துக்கும் காது இருக்குங்க. இப்ப ஒண்ணும் கேக்காது. நிம்மதியா பேசுங்க" என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு களைப்பு இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது, "அவ சத்தம் போட ஆரம்பிச்சுட்டா, நான்தான் வழக்கமான திட்டுன்னு விட்டுட்டேன்" என்றார் லாண்டரிக்காரர். டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை வேலை செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பட்டன்களின் காது அடைந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள், ஜாடியைத் திறந்தாள், தேய்க்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சட்டைக்கும் பட்டனைத் தைத்தாள். அதுவே அவள் வேலையாகிப் போனது. எந்தச் சட்டைக்கும் பொருந்தாத சில பட்டன்கள் இன்னும் ஜாடியின் அடியில் கிடக்கின்றன. யாரும் எடுத்து எறியவில்லை.

நோய் போனபோது தனியாகப் போகவில்லை, திட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வந்தவள் "என்னங்க" மட்டும்தான் சொன்னாள். சாப்பிட வரீங்களா என்று கேட்பாள், வராவிட்டால் மூடி வைத்துவிடுவாள். நனைந்து வந்தால் துண்டை எடுத்து நீட்டுவாள். துவட்ட மாட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

குணமாகிவிட்டாளா இல்லையா என்பதற்கு ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில், "அம்மா ராத்திரி தூங்கறாங்களாப்பா?" என்று கேட்பாள். தூங்கினால் சரி. எதிர் டீக்கடைக்காரர், தான் கொடுத்தனுப்பும் டீயை அவள் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி அனுப்புகிறாளா என்று பார்ப்பார். மேல்மாடி டீச்சர், "ஒரு சத்தம் இல்ல பாருங்க. எவ்வளவு நல்லா குணமாயிட்டாங்க!" என்று அவரைப் பாராட்டுவாள், ஏதோ அவர்தான் வைத்தியம் பார்த்த மாதிரி. அவர் தலையை ஆட்டுவார். வேறென்ன செய்வது? 'என் பெண்டாட்டி என்னைத் திட்டவே மாட்டேங்கிறா, அதனால இன்னும் குணமாகலை' என்று சொன்னால், ஆஸ்பத்திரிக்கு அடுத்துப் போக வேண்டியது இவர்தான் என்று தெரு முடிவு கட்டிவிடும்.

இதெல்லாம் போதாதென்று மனநல மையம் ஒன்று இருந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரு பெண் வருவாள். நல்ல பெண், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. கையில் கேள்வித்தாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். அவளுக்குக் கேள்விப் பொண்ணு என்று லாண்டரிக்காரர் மனசுக்குள் பெயர் வைத்திருந்தார்.

"அம்மா, 'எனக்கு வாழ்க்கையில் நம்பிக்கை இருக்கிறது.' ஒண்ணுன்னா இல்லவே இல்ல, அஞ்சுன்னா நிறைய இருக்கு. நீங்க எத்தனை சொல்லுவீங்க?"

பட்டாசு ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே, "நடுவுல போட்டுக்கோம்மா" என்பாள்.

"'என்னைப் புரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.'"

"அதுக்கும் நடுவுலயே போட்டுக்கோ."

அடுத்து லாண்டரிக்காரரிடம் கேள்விகள். குளிக்கிறார்களா, வெளியே போகிறார்களா, வேலை செய்கிறார்களா. எல்லாவற்றுக்கும் பிறகு அந்தக் கேள்வி வரும்: "வீட்டில் இருப்பவர்களிடம் கோபப்படுகிறார்களா, சத்தம் போடுகிறார்களா?"

"இல்லம்மா" என்பார். அவர் குரல் இறங்கிப் போயிருக்கும்.

"வெரி குட்!" என்று அவள் முழு மார்க் போடுவாள். எத்தனையோ பரீட்சை உண்டு உலகத்தில், இப்படித் துக்கத்துக்கு முழு மார்க் போடுகிற பரீட்சையை அவர் பார்த்ததில்லை.

அந்த நாள் எப்படி வந்தது என்று அவருக்கு இப்போதும் தெரியாது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது காரணமாக இருக்கலாம். ஒன்றுமே காரணம் இல்லாமலும் இருக்கலாம். முற்பகல் நேரம், வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. அவர் ஒரு வக்கீலின் கறுப்புப் பேண்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் முன்போல இல்லை அவருக்கு. பழைய மடிப்பு ஒரு பக்கம், இவர் போட்ட மடிப்பு ஒரு பக்கம். தேய்க்கிற தொழிலில் இதைவிட மானக்கேடு கிடையாது. மடித்து வைக்கப் போனார்.

"யோவ்."

அவர் கை அப்படியே நின்றது.

"யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? ஒரு காலுக்கு ரெண்டு கோடு! இதென்ன பேண்ட்டா, தண்டவாளமா? வக்கீல் இதைப் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போவாரா, இல்ல ரயில் விடுவாரா? கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிப் போடறது. முப்பது வருஷமா பெட்டி பிடிச்ச கை, இன்னைக்குத்தான் பிடிச்ச மாதிரி கோடு போடுது! குடு இங்க!"

முக்காலி பின்னால் விழுந்தது. அவள் வந்து பேண்ட்டைப் பிடுங்கினாள், தண்ணீரைத் தெளித்தாள், பெட்டியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தாள். நீராவி அவள் முகத்தில் அடித்தது. "பெட்டிய வேற படுக்கப் போட்டிருக்கே. கம்பளி கருகற நாத்தம்கூட மூக்குக்கு வரலையா உனக்கு?"

லாண்டரிக்காரர் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று பயம். சட்டை வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். அவரிடம் இவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. பேண்ட்டில் ஒற்றைக் கோடு கத்தி மாதிரி விழுந்ததும் அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "என்னங்க, இதை மடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு முக்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவர் கால் தரையில் இல்லை. வாழ்நாளெல்லாம் அதிகம் பேசாத மனுஷன், வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கேலி பேசுகிறவர், அன்றைக்குத் தெரு முழுக்கப் பேசினார். டீக்கடைக்குப் போய், "பட்டாசு திட்டிட்டாய்யா!" என்றார். கடைக்காரர், "யாரை?" என்றார். "என்னைத்தான்யா, வேற யாரை!" என்று இவர் மார்பைத் தட்டிக்கொண்டார். டீச்சரிடம் சொன்னார். மாடிப்படியில் கணக்குப்பிள்ளையை நிறுத்தி அந்தத் தண்டவாள வசனத்தை அப்படியே ஒப்பித்தார். மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள் மகள்.

"போடி பைத்தியக்காரி" என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே கேள்விப் பொண்ணு வந்தாள். பட்டாசு திரைக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமான கேள்விகள் வந்தன. கடைசிக் கேள்வி வருவதற்குள் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "சத்தம் போடுகிறார்களா?" என்று அவள் முடிப்பதற்குள், "போட்டாம்மா! நல்லா போட்டா! முக்காலியே விழுந்துடுச்சு, பேண்ட்டைக் கையில இருந்து பிடுங்கிட்டா, யோவ் யோவ்னு பிடிச்சு வாங்கிட்டா! அன்னையிலேர்ந்து ரெண்டு மூணு தடவை ஆச்சு!" என்றார். முகமெல்லாம் பல்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. "எப்பலேர்ந்து ஐயா?" என்று மெல்லக் கேட்டாள். அவர் இன்னும் விவரமாகச் சொன்னார். அவள் விவரமாக எழுதிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

டாக்டர் வரச் சொன்னார். பழைய கோப்பைப் புரட்டினார். "போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. நீங்களே சொல்லியிருக்கீங்க. 'வழக்கமான திட்டுன்னு விட்டுட்டேன்'னு."

"இது வேற, டாக்டர். அன்னைக்குப் பட்டனைத் திட்டினா. இப்ப என்னைத் திட்டறா. நான் நெசமாவே தப்பா தேய்ச்சிருந்தேன்."

டாக்டர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம். ஆனா ஒருவேளை அப்படி இல்லைன்னா? மறுபடி அந்த நிலைமை வந்தா தாங்குவீங்களா?"

லாண்டரிக்காரருக்குக் கண்ணாடி ஜாடி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த களைப்பும் வந்தது. அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஏற்கெனவே ஒருமுறை சிரித்துக்கொண்டே ஏமாந்தவர். "நீங்க சொல்றபடியே செய்யலாம்" என்றார். பட்டாசு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மாத்திரையின் அளவை ஏற்றினார்கள். அவர்தான் தினமும் தண்ணீரோடு கையில் கொடுத்தார். அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. ஊசிக் காதில் நூல் நுழையாமல் கை நடுங்கியது. அவர் கோர்த்துக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு எந்தச் சட்டை என்று தெரியாமல் பார்ப்பாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. உடைத்த கையும் தன்னுடையதுதான் என்று தெரிந்தவனுக்கு அழுவதற்குக்கூட முகம் கிடையாது. சலவை இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்தில் நின்று அழுவார், சத்தம் வெளியே கேட்காது.

இரண்டு மூன்று முறை அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்து கெஞ்சிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். நடுக்கம் நின்றது. அவள் மறுபடி நூல் கோர்த்தாள், பட்டன் தைத்தாள், டீக் கிளாஸைக் கழுவி அனுப்பினாள். கேள்விப் பொண்ணு வந்தபோது இம்முறை பட்டாசு எதற்கும் நடுவில் போடச் சொல்லவில்லை. நம்பிக்கைக்கு அஞ்சு என்றாள். புரிந்துகொள்கிறவர்களுக்கும் அஞ்சு. "கோபம் வருதாம்மா?" என்று அவளிடமே கேட்டதற்கு, "எனக்கெதுக்கும்மா கோபம் வரணும்?" என்று சிரித்தாள். அழகான சிரிப்பு, வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு.

"இதுவரைக்கும் இவ்வளவு நல்ல மார்க் வந்ததே இல்ல!" என்று அந்தப் பெண் நிஜமான சந்தோஷத்தோடு எழுந்தாள். "இனிமே நான் அடிக்கடி வரவே தேவையில்லை ஐயா."

அவள் போன பிறகு லாண்டரிக்காரர் பெட்டியைச் சூடாக்கினார். பிறகு கொடியிலிருந்து ஒரு பேண்ட்டை எடுத்தார். வாடிக்கையாளர் துணியைக் கெடுக்க மனசு வரவில்லை, தன்னுடைய பேண்ட்தான். விரித்துப் போட்டு ஒரு கோடு தேய்த்தார். பக்கத்தில் இன்னொரு கோடு. அதற்கும் பக்கத்தில் மூன்றாவது. பெட்டியைக் கம்பளி மேல் படுக்கப் போட்டார். புகை மெல்ல எழுந்தது.

பட்டாசு நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்ததை அவர் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். அவள் எழுந்து வந்து பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தண்ணீரைத் தெளித்துக் கோடுகளை அழித்து ஒற்றைக் கோடாகத் தேய்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"மூணு கோடு போட்டிருக்கேன்."

"பாத்தேன். வேணும்னுதான் போட்டீங்கன்னும் தெரியும்."

உள்ளே எல்லாம் இருக்கிறது. ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை.

"திட்டேன்" என்றார். "ஒரே ஒரு தடவை. மெதுவா. நமக்குள்ளயே இருக்கட்டும். யாருக்கும் கேக்காது."

அவள் பேண்ட்டை மடித்தாள். மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"வேண்டாங்க. நீங்க போய்ச் சொல்லிடுவீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"சொல்லிடுவீங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, எனக்குத் தெரியாதா? சந்தோஷத்துல சொல்லிடுவீங்க. உங்களால அடக்க முடியாது. அப்புறம் அந்த மாத்திரை. என்னால முடியலைங்க. கை என் கையாவே இல்ல, கண்ணு தொறந்திருக்கு, ஆனா நான் எங்கேயோ அடியில கிடக்கேன். இன்னொரு தடவை அங்க போக மாட்டேன். இப்படியே இருந்துடறேன்."

மடித்த பேண்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். ஊசியை எடுத்தாள்.

லாண்டரிக்காரர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பத்து வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகத் தன்னிடம் மனம் விட்டுப் பேசியதில்லை, இதை ஓடிப்போய் எதிர்க் கடையில் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே அவர் நாக்கு பரபரத்தது. வாயை மூடிக்கொண்டார். அடுத்த சட்டையை எடுத்து மேசை மேல் விரித்தார்.